செப்புத் தகட்டில் வந்த தெல்லிப்பழை: வாசகர் கேள்வி – பதில்

பழைய அச்சுப் படங்களைப் பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். முதற் கடிதம் எழுப்பும் கேள்வி பெரிது. ஆகையால் அதற்கே கூடுதல் இடம் கொடுத்துள்ளேன்.

கேள்வி: நெதர்லாந்தில் வசிக்கும் என் மகன் அங்குள்ள பழைய புத்தகக் கடையொன்றில் ஒரு தாளை வாங்கி அனுப்பியிருக்கிறான். எங்கள் ஊரின் ஒல்லாந்தர் காலத் தேவாலயம் அதில் கறுப்பு மையில் அச்சாகியிருக்கிறது. பின்பக்கம் முழுவதும் ஒல்லாந்த மொழி எழுத்து. பல்தேயஸ் பாதிரியாரின் 1672ஆம் ஆண்டுப் புத்தகத்திலிருந்து பிரிந்த தாள் என்று கடைக்காரர் சொன்னாராம். ஆனால் படத்திலுள்ள மரங்கள் எங்கள் ஊர் மரங்களைப் போல இல்லை. வானம் கோடு கோடாக இருக்கிறது. முற்றத்தில் நிற்கும் ஆட்கள் சின்னஞ்சிறு பொம்மைகளைப் போலத் தெரிகிறார்கள். இது எங்கள் ஊரைப் பார்த்து வரைந்த படந்தானா?
– வாசகி ஒருவர், தெல்லிப்பழை

பதில்: அம்மா, படம் எந்தப் பொருளில், யார் யார் கையால் உருவானது என்பதை முதலில் பார்த்துவிட்டால் தங்கள் ஐயத்தின் பெரும்பகுதி தெளிந்துவிடும்.

தாளைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெருக்கமாக ஓடும் மெல்லிய வரிகளும், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இடைவெளியில் அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் வேறு சில வரிகளும் தெரிந்தால், அது கம்பிச் சல்லடையில் கூழை அள்ளிக் கையால் செய்த தாள். பழைய லினன் துணிக் கந்தல்களை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கிச் செய்த அந்தத் தாள் பிற்கால மரக்கூழ்த் தாளைப் போலப் பழுப்பேறி ஒடிவதில்லை. முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் தங்கள் கையில் மடங்கி நிமிர்வது அதனால்தான். அடுத்து, படத்தைச் சுற்றிச் சதுரமாக ஒரு மெல்லிய பள்ளம் இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். இருந்தால், அது செப்புத் தகட்டின் ஓரம் ஈரத்தாளில் பதிந்த தடம். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி வைத்துக்கொண்டு, பின்பக்க எழுத்தையும் முன்பக்கக் கோட்டையும் ஒப்பிடுங்கள். எழுத்து, ஈய அச்செழுத்தின் மேற்பரப்பில் பூசிய மையால் வந்தது. அது தாளை அழுத்திப் பள்ளமாக்கியிருக்கும். படத்தின் கோடு, தகட்டின் பள்ளத்துக்குள் கிடந்த மையால் வந்தது. அது தாளின்மேல் மயிரிழை அளவுக்கு மேடிட்டு நிற்கும்.

ஏடு எழுதிய முறையை அறிந்தவர்களுக்கு இந்தத் தொழில் அந்நியமாகத் தோன்றாது. எழுத்தாணியால் ஓலையைக் கீறி, கரியும் எண்ணெயும் தேய்த்துத் துடைத்தெடுத்தால் கீறலுக்குள் மட்டும் கறுப்பு நிற்கிறதல்லவா? தகட்டிலும் அதுவே நடக்கிறது. ஓலையில் கீறலே எழுத்தாக நின்றுவிடும். தகட்டில் நிற்கும் கறுப்பை மட்டும் ஈரத்தாள் ஒன்று ஒற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எடுக்கும்போது இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும் என்பதால், செதுக்குபவர் தேவாலயத்தின் ஒவ்வொரு சுவரையும் தலைப்பின் ஒவ்வொரு எழுத்தையும் திருப்பியே வெட்டியாக வேண்டும்.

இப்போது அந்தத் தாளில் அடங்கிய வேலையை எண்ணிப் பாருங்கள். அச்செழுத்து ஏறும் இயந்திரம் வேறு, செப்புத் தகடு ஏறும் இயந்திரம் வேறு. எழுத்தை அச்சிட்ட தாளை மீண்டும் நனைத்து, உருளை அச்சு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே படத்தை அடிக்க வேண்டும். எழுத்து அச்சில் இரண்டு பேர் சேர்ந்தால் மணிக்கு ஏறத்தாழ 200 தாள்களை இழுத்துவிடுவார்கள். செப்புத் தகட்டில் அந்த வேகம் நடவாது. தகட்டைச் சற்றே சூடாக்கி, கெட்டி மையைப் பள்ளங்களுக்குள் அழுத்தி நிரப்பி, மேற்பரப்பை முதலில் துணியாலும் பின்பு உள்ளங்கையாலும் துடைத்து, ஈரத்தாளை விரித்து, கம்பளித் துணி போர்த்தி, இரண்டு உருளைகளுக்கு இடையே கைப்பிடிகளைப் பிடித்து இழுத்துச் செலுத்த வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இத்தனையும் முதலிலிருந்து தொடங்கும். துடைத்த கை சற்று அவசரப்பட்டால் வானம் மங்கலாகும். அதிகம் அழுத்தித் துடைத்தால் கோட்டிலிருந்த மையும் போய்விடும். தங்கள் படத்தின் வெண்பகுதியில் மெல்லிய சாம்பல் பூச்சுப் போல ஏதாவது தெரிந்தால், அது பெயர் தெரியாத ஓர் அச்சுத் தொழிலாளியின் உள்ளங்கை விட்டுப்போன மை.

வானம் கோடாக இருப்பதற்கும் காரணம் செம்பே. செதுக்கிய தகட்டில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. கோடு உண்டு, கோடில்லாத இடம் உண்டு. கோடுகளை நெருக்கினால் நிழல், விலக்கினால் வெயில், ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே ஓடவிட்டால் இருள். பங்குனி வெயிலில் சுண்ணாம்புச் சுவர் கண்ணைக் கூசவைக்கும் தெல்லிப்பழை வெளிச்சத்தை இந்த மொழியில் சொல்ல வழியில்லை. நெதர்லாந்தின் முகில் வானத்தைச் சொல்வதற்கென்று பழகிய கை அது. மரமும் அப்படியே. இலைத் தொகுதிக்கு ஒரு சுழிப்பு, புல்லுக்கு ஒரு கீற்று, தொலைவுக்கு ஒரு மெல்லிய வரி என்று தொழில் பழகும் காலத்திலேயே கையில் ஏறிய வடிவங்கள் உண்டு. பனையை ஒருநாளும் பார்த்திராத ஒருவர் முன்னே, விசிறி ஓலையைச் சில கீற்றுகளில் குறித்த வரைவொன்று வந்தால், அது தென்னையும் ஈச்சையும் கலந்த ஒரு மரமாக மாறிவிடுவது இயல்பே.

பிலிப்பஸ் பல்தேயஸ் 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய காலத்திலிருந்து 1665 வரை இங்கே சமயப் பணி புரிந்தவர். குடாநாட்டின் தேவாலயங்களைக் கோவில்பற்று (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) கோவில்பற்றாக விவரிக்கும் அவருடைய நூல் 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. கட்டடங்களின் பொது அமைப்பு இங்கிருந்து போன வரைவுகளை ஒட்டியது என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. அதைச் சுற்றியுள்ள மரமும் முகிலும் நிழலும் அம்ஸ்டர்டாம் பட்டறையின் பங்கு. ஆகவே தங்கள் கேள்விக்கு விடை: ஊரைப் பார்த்த கண் ஒன்று, படத்தை வெட்டிய கை வேறொன்று. இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. எது எங்கே முடிகிறது என்று கோடு கோடாகப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் படத்தை வாசிக்கும் முறை என்று கருதுகிறேன்.

பொம்மைகளாக நிற்கும் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதுதான் என் மனத்தை மிகவும் உறுத்துவது. அந்த உருவங்களின் வேலை கட்டடத்தின் உயரத்தைக் காட்டுவது மட்டுமே. இத்தேவாலயங்களிற் பல போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற கட்டடங்களை ஒல்லாந்தர் எடுத்துத் திருத்தியவை. சுண்ணாம்பு சுட்டவர்களும் முருகைக் கல் சுமந்தவர்களும் நம்மவர்கள். ஊழியம் என்ற கட்டாய வேலைமுறை இங்கே நடைமுறையில் இருந்த காலம் அது. முற்றத்தைக் கூட்டித் துப்புரவாக்கி, சுவரைக் குறையின்றி நிறுத்திக் காட்டும் படம், அந்தச் சுவரை எழுப்பிய உடம்புகளைச் சில மில்லிமீற்றர் உயரமான கீறல்களாக்கிவிட்டது. செம்பு விலையுயர்ந்தது, செதுக்குபவரின் நாள் விலையுயர்ந்தது, அந்தப் பெரிய நூலை வாங்கக்கூடியவர்கள் ஒல்லாந்தின் செல்வர்கள். அவர்கள் பார்க்க விரும்பியது தங்கள் திருச்சபையின் ஆட்சி ஊன்றி நிற்பதை. தகட்டின் எந்தப் பகுதிக்கு எத்தனை கோடு செலவாகியிருக்கிறது என்று பாருங்கள். கூரைக்கும் சுவருக்கும் கொடுத்த உழைப்பில் ஒரு சிறு பங்குகூட மனிதருக்குக் கொடுக்கப்படவில்லை.

நெடுங்காலத்துக்குப் பின், 1816இல் அமெரிக்க மிஷன் பாதிரிமார் வந்தபோது தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்களிடம் கொடுக்கப்பட்டவை பாழடைந்து கிடந்த இந்தப் பழைய கட்டடங்கள்தாம். வட்டுக்கோட்டைத் தேவாலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. இயலுமாயின் அங்கே ஒருமுறை சென்று அதன் கனத்த சுவரைப் பார்த்துவிட்டு வந்து தங்கள் தாளை மீண்டும் பாருங்கள்.

இதே படங்கள் 1704இல் இலண்டனில் சர்ச்சில் என்ற பதிப்பாளர்கள் வெளியிட்ட பயணநூல் தொகுதியில், ஆங்கில மொழிபெயர்ப்புடன், புதிதாக வெட்டிய தகடுகளில் மறுபடியும் வந்தன. தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தால் அது படத்தைப் பார்த்து வெட்டிய படம். மரங்கள் ஊரிலிருந்து இன்னும் ஒரு படி தள்ளிப்போயிருக்கும்.

கேள்வி: ஒரு கலைப்படைப்பின் பொருள் கலைஞரின் எண்ணத்தில் அல்லவா இருக்கிறது? தாள், மை, உழைப்பு என்பவை அந்த எண்ணத்தை வெளியே கொண்டுவரும் கருவிகள்தாமே? அவற்றுக்கு இத்தனை முக்கியத்துவம் தேவையா?
– நுண்கலை மாணவர், திருநெல்வேலி

பதில்: கருவி எண்ணத்தையே மாற்றிவிடும் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். பல்தேயஸின் நூல் அச்சான அதே அம்ஸ்டர்டாமில் அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை, 1669இல் இறக்கும்வரை, வாழ்ந்தவர் ஓவியர் றெம்பிராண்ட். 1653இல் அவர் 'மூன்று சிலுவைகள்' என்ற பெரிய தகட்டை அமிலம் எதுவுமின்றி, கூரிய ஊசியால் செம்பை நேரே கீறி உருவாக்கினார். அப்படிக் கீறும்போது கோட்டின் இருபுறமும் செம்புப் பிசிறு கிளம்பி நிற்கும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் கோடு வெல்வெற்றுப் போல மென்மையாக அச்சாகும். ஆனால் உருளை அழுத்த அழுத்தப் பிசிறு நசுங்கும். சில பத்துப் படிகளுக்குள் அந்த மென்மை போய்விடும்.

தேய்ந்துபோன அந்தத் தகட்டைச் சில ஆண்டுகளுக்குப் பின் அவர் மறுபடியும் கையில் எடுத்தார். பல உருவங்களைச் சுரண்டி அழித்தார். வேறு சிலவற்றைப் புதிதாக நுழைத்தார். மேலிருந்து கீழே சரியும் கனத்த கோடுகளால் பக்கங்களை மூடினார். முதல் நிலைகளில் சிலுவையைச் சூழ்ந்த கூட்டம் ஒளியில் தெளிவாக நின்றது. புதிய நிலையில் இருள் மேலேயிருந்து இறங்கிப் பெரும்பாலானவர்களை விழுங்கிவிட்டது. இயேசு இறக்கும்போது பூமியெங்கும் இருள் சூழ்ந்தது என்ற வேதாகம வரி அந்தப் படியில் தான் முழுப் பாரத்தோடு வந்து விழுகிறது. செம்பு தேயாதிருந்தால் அந்த இரண்டாவது படம் பிறந்தே இருக்காது என்பது என் துணிபு. தேய்மானம் கேட்ட கேள்விக்குக் கலைஞர் கொடுத்த பதில் அது.

தாளையும் அவர் சும்மா விட்டதில்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களில் யப்பானிலிருந்து வந்த தந்த நிறத் தாளில் பல படிகளை அடித்தார். அது கந்தல் தாளைவிட மென்மையாக மையை ஏற்கும். வெள்ளையின் கடுமை தணிந்து, ஒளி வெதுவெதுப்பாகத் தோன்றும். ஒரே தகடு, இரண்டு தாள். இரண்டு வேறு மனநிலைகள். நம் கரையில் யானையும் சாயவேரும் ஏற்றிய அதே கம்பனி, அங்கே ஒரு கலைஞரின் வெளிச்சத்தை மாற்றியிருக்கிறது.

யப்பானியரின் மரஅச்சுப் படங்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஹொக்குசாயின் பேரலைப் படம் 1831ஐ ஒட்டி வந்தது. அவர் வரைந்ததோடு சரி. செர்ரி மரப்பலகையை வெட்டியவர் ஒருவர், நிறம் நிறமாகத் தடவி அச்சிட்டவர் இன்னொருவர், பணம் போட்டவர் பதிப்பாளர். அந்த ஆழ்ந்த நீலம் பெர்லினில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கைச் சாயம். கடல்வழி இறக்குமதியாகி, விலை மலிந்த பிறகே அது மலிவான படங்களுக்குள் வந்தது. அந்த அலையின் ஆழத்தை அந்தச் சாயமின்றி எண்ணிப் பார்க்க முடியுமா?

செதுக்கற் படங்களின் அடியில் சிறிய இலத்தீன் சுருக்கெழுத்துகள் இருப்பதுண்டு: வரைந்தவர் இன்னார், வெட்டியவர் இன்னார், வெளியிட்டவர் இன்னார். மை துடைத்தவருக்கும் உருளை இழுத்தவருக்கும் அந்த வரியில் இடமில்லை. அவர்களைத் தேட விரும்பினால் தாளிலேதான் தேட வேண்டும்.

கேள்வி: எங்கள் அம்மம்மாவின் சாமியறையில் ரவி வர்மா அச்சகத்து இலட்சுமி படம் ஒன்று இருந்தது, இப்போது என்னிடம் இருக்கிறது. சேலை முழுவதும் சரிகைத் துணியும் மணியும் மினுங்கும் பொட்டுகளும் ஒட்டித் தைக்கப்பட்டிருக்கின்றன. சரிகை கறுத்துவிட்டது. இவற்றை அகற்றி, அசல் அச்சுப் படத்தை வெளிக்கொணரலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி ஒருவர், கொக்குவில்

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். தங்கள் நண்பர் 'அசல்' என்று எதைக் கருதுகிறார் என்பதை முதலில் யோசிக்க வேண்டும்.

ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் கல்லச்சு முறையில் இயங்கியது. பவேரியாவின் சுண்ணக்கல்லை மணலிட்டு அரைத்து மட்டமாக்கி, கொழுப்புச் சேர்ந்த மையால் அதில் வரைந்து, பிசினும் அமிலமும் கலந்த நீரால் பதப்படுத்துவார்கள். பிறகு கல்லை நனைத்தால், வரையாத இடம் நீரை ஏற்று மையைத் தள்ளும். வரைந்த இடம் மையை ஏற்கும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். முகத்தின் செம்மைக்கு ஒன்று, நிழலின் நீலத்துக்கு ஒன்று என்று ஒரு படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கற்கள்கூடத் தேவைப்படும். ஓவியரின் எண்ணெய் வண்ணத்தைப் பார்த்து, எந்த நிறத்தோடு எந்த நிறம் சேர்ந்தால் இந்தச் சாயல் வரும் என்று மனத்தால் பிரித்து, ஒவ்வொரு கல்லிலும் புள்ளி புள்ளியாகக் கையால் வைத்தவர்கள் அச்சகத்தின் தொழிலாளர்கள். வேலை முடிந்ததும் கல்லை அரைத்து அழித்து அடுத்த படத்துக்கு எடுத்துவிடுவார்கள். பூதக்கண்ணாடியில் இலட்சுமியின் கன்னத்தைப் பாருங்கள். ஒழுங்கற்ற சிறு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று மிதப்பது தெரியும். படத்தில் இருப்பது ரவி வர்மாவின் பெயர். கன்னம் அந்தத் தொழிலாளர்களின் கை.

ஆயிரக்கணக்கில் அடித்து விற்ற அந்தப் படம், தங்கள் அம்மம்மாவின் வீட்டுக்கு வந்த பிறகு யாரோ ஒரு பெண் உட்கார்ந்து சரிகை வெட்டி, மணி கோத்து, அம்மனுக்கு உண்மைச் சேலை உடுத்தியிருக்கிறார். முகத்தையும் கையையும் மட்டும் அச்சாக விட்டு மற்றதை மூடியிருப்பதைக் கவனித்தீர்களா? கோயிலில் மூலவருக்குச் சாத்துப்படி செய்யும் முறையே அது. அச்சகம் முடித்துவிட்டதாக எண்ணிய வேலையை வீட்டுப் பெண் முடிக்கப்படாத ஒன்றாகக் கண்டு தொடர்ந்திருக்கிறார். ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது அதனால்தான் உலகில் ஒன்றாக ஆனது. சேலைக்கு மேலே குங்குமக் கறையோ கற்பூரப் புகையோ படிந்திருந்தால் அதுவும் அந்தப் படத்தின் வரலாறு. அதையும் துடைக்க வேண்டாம்.

சரிகை கறுத்திருப்பது அதிலுள்ள செம்போ வெள்ளியோ காற்றில் மாறுவதால். புளி, எலுமிச்சை, பித்தளை மினுக்கும் திரவம் எதையும் அண்டவிடாதீர்கள். அமிலம் தாளுக்குள் இறங்கிவிடும். பச்சைக் களிம்பு தாளைத் தொடும் இடங்களில் மட்டும், தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் காட்டுவது நன்று.

கேள்வி: பழைய இரவிவர்மா படம் என்று விற்பவற்றுள் அண்மையில் அடித்த பிரதிகளும் கலந்திருக்கின்றனவாம். வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், நல்லூர்

பதில்: பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி போதும். புள்ளிகள் ஒரே ஒழுங்கில், சின்னப் பூ வடிவங்களாக வரிசை வரிசையாகத் தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு. கல்லச்சுப் புள்ளி ஒன்றைப் போல ஒன்று இருக்காது.

கேள்வி: என்னிடமும் இப்படி ஒரு பழைய செப்புத் தகட்டுப் படம் உண்டு. லமினேற் செய்து வரவேற்பறையில் மாட்ட விரும்புகிறேன். கடற்காற்று படும் வீடு.
– வாசகர், பருத்தித்துறை

பதில்: லமினேற் வேண்டவே வேண்டாம். சூடும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்து, மேடிட்டு நிற்கும் மைக்கோட்டையும் தகட்டின் தடத்தையும் நசுக்கித் தட்டையாக்கிவிடும். பின்பு பிரித்தெடுக்கவும் இயலாது. ஒட்டுநாடாவும் கூடாது, அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறும்.

அமிலமற்ற அட்டையில், தாளின் மேல்விளிம்பை மட்டும் மெல்லிய தாள் கீலாலும் கோதுமை மாப் பசையாலும் பொருத்துங்கள். கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையே வெட்டிய அட்டைச் சட்டம் ஒன்று வையுங்கள். தொட்டால் மாரி ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஓரத்தை வெட்டிச் சிறிதாக்கச் சொல்லும் சட்டகக் கடைக்காரருக்கு இடங்கொடாதீர்கள். தகட்டுத் தடத்துக்கு வெளியே உள்ள வெறுந்தாளில்தான் நீர்க்குறியும் (வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும், தாள் செய்தவரின் அடையாளம்) தைத்த துளைகளும் இருக்கக்கூடும். கடலைப் பார்த்த சுவரிலும் வெளிச்சுவரிலும் மாட்டாமல், வெயில் நேரே விழாத உட்சுவரில் மாட்டுங்கள். சட்டகத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகள் ஒட்டினால் சுவருக்கும் அதற்கும் இடையே காற்று ஓடும். கறையானும் வெள்ளிப்பூச்சியும் ஏறுகின்றனவா என்று மாரி முடிந்ததும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.